உயிர்ப்பு ஞாயிறுக்குப் பிறகு வகுப்பில் எப்படிச் செபிப்பது?

தவக்காலத்தில் வகுப்பு தானாக ஓடிவிடுகிறது. வெள்ளிதோறும் சிலுவைப்பாதை, ஒறுத்தல், உண்டியல் என்று ஏதாவது ஒன்று இருக்கும். உயிர்ப்பு விழா முடிந்து பிள்ளைகள் திரும்பி வந்ததும் ஓர் அல்லேலூயா பாட்டோடு எல்லாம் அடங்கிவிடுகிறது. காலையில் பத்து நிமிடம் மட்டுமே கிடைக்கும் கத்தோலிக்க மாணவர் வகுப்பில், பாஸ்கா காலத்துக்கென்று என்ன செபச் செயல்பாடுகள் செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இருபது ஆண்டுக்கு மேலாக மறைக்கல்வி எடுத்தவள் நான். எனக்குக் கைகொடுத்தவற்றையும் சொதப்பியவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் நாள்கணக்கு. ஈஸ்டர் என்பது ஒரு நாள் விழா அல்ல. உயிர்ப்பு ஞாயிறு தொடங்கித் தூய ஆவியார் பெருவிழா, அதாவது பெந்தகோஸ்து, வரை 50 நாள். இதுதான் பாஸ்கா காலம். தவக்காலத்தின் 40 நாளைவிட நீளம். அதில் முதல் எட்டு நாளும் ஆண்டவருடைய பெருவிழாக்களாகவே கொண்டாடப்படுகின்றன. 1969இல் வந்த திருவழிபாட்டு ஆண்டு ஒழுங்குமுறை இந்த 50 நாளையும் ஒரே திருநாள்போல, இன்னும் சரியாகச் சொன்னால் ஒரு ‘பெரிய ஞாயிறு’போலக் கொண்டாடச் சொல்கிறது. அந்தச் சொல் புனித அத்தனாசியுவிடமிருந்து வந்தது. இதைப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள். “50 நாளும் ஞாயிறா டீச்சர்?” என்று கண்கள் விரியும். “ஆமாம், ஆனால் பள்ளிக்கு வரணும்” என்று சொல்லும்போது வரும் முனகலும் சேர்ந்தால் முதல் நாள் வகுப்பு ஆகிவிடும்.

50 நாள் என்றதும் 50 செயல்பாடு தேடிப் புறப்பட்டுவிடாதீர்கள். நான் அந்தத் தவற்றைச் செய்தேன். ஓர் ஆண்டு எட்டு நாளும் காலிக் கல்லறை மாதிரி செய்யவைத்தேன். அட்டை, பசை, உருட்டிவிட ஒரு வட்டக் கல் எல்லாம் கச்சிதம். புகைப்படங்களும் நன்றாக வந்தன. பசைக்குச் சண்டை, கல் யாருடையது பெரியது என்று இன்னொரு சண்டை. வார முடிவில் யோசித்தேன்: இந்த எட்டு நாளில் ஒரு பிள்ளையாவது கடவுளிடம் ஒரு வாக்கியம் பேசியதா? இல்லை. அன்றிலிருந்து எந்தச் செயல்பாட்டையும் அந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் எடைபோடுகிறேன். கடவுளிடம் பேசுவதில் போய் முடியாவிட்டால் அது கைவேலைதான், செபம் இல்லை. கைவேலை வகுப்புக்கு வேறு நேரம் இருக்கிறது.

அதனால் மூன்றை மட்டும் நிலையாக வைத்துக்கொள்ளுங்கள்: எரியும் திரி, எழுந்து நிற்பது, வாரத்துக்கு ஓர் உயிர்ப்புக் கதை. ஏழு வாரம், ஏழு கதை. ஒரே கதையைத் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து விதமாகத் தொடுங்கள். சிறுபிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் செய்வது சலிப்பதில்லை. சலிப்பு நமக்குத்தான்.

திரியிலிருந்து தொடங்குகிறேன். கோவில் பீடத்தருகே நிற்கும் பாஸ்கா திரியை வகுப்போடு போய் ஒருமுறை கிட்டே நின்று பார்த்துவிட்டு வாருங்கள். உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின திருவிழிப்பு இரவில் குரு அதில் சிலுவை கீறுகிறார், மேலும் கீழும் முதலும் முடிவும் அவரே என்று காட்டும் அகரமும் னகரமும், சிலுவையின் நான்கு மூலையிலும் அந்த ஆண்டின் நான்கு இலக்கங்கள், ஐந்து காயங்களுக்கு ஐந்து சாம்பிராணி மணிகள். “இந்த வருஷத்து நம்பர் ஏன் போட்டிருக்கு?” என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். இந்த ஆண்டும், இதில் நமக்கு நடக்கும் எல்லாமும் அவருக்குச் சொந்தம் என்பதுதான் பதில். திரும்பி வந்து வகுப்புக்கென்று ஒரு வெள்ளைத் திரி தயார்செய்யுங்கள். ஐந்து சிவப்புப் புள்ளி, இரண்டு எழுத்து, ஆண்டு. அவ்வளவு போதும். நெருப்பு அனுமதிக்காத பள்ளியானால் மின்கலத் திரி வைத்துக்கொள்ளலாம், அதனால் செபம் ஒன்றும் குறைந்துவிடாது. தினமும் ஒரு பிள்ளை ஏற்ற வேண்டும். ஏற்றும் பிள்ளை “கிறிஸ்துவின் ஒளி” என்று சொல்ல, மற்றவர்கள் “இறைவனுக்கு நன்றி” என்பார்கள். திருவிழிப்பு இரவில் இருட்டில் திரியை ஏந்தி வரும்போது நாம் சொல்லும் அதே வரி.

அடுத்தது நிற்பது. இதைப் பலர் கவனிப்பதில்லை. தவக்காலத்தில் முழந்தாளிட்டுச் செபித்தோம் என்றால் இப்போது எழுந்து நிற்க வேண்டும். 325இல் நடந்த நிசேயா பொதுச்சங்கத்தின் 20ஆம் விதியே இதைச் சொல்கிறது: ஞாயிறுகளிலும் பெந்தகோஸ்து வரையுள்ள நாள்களிலும் செபத்தை நின்றுகொண்டே சொல்ல வேண்டும். இறந்தவர் எழுந்தார், நாமும் எழுந்து நிற்கிறோம். இதற்குமேல் விளக்கம் தேவையில்லை, உடம்பே விளக்கிவிடும். வகுப்பில் சக்கர நாற்காலியிலோ கால்வலியோடோ ஒரு பிள்ளை இருந்தால் எல்லாருக்கும் பொதுவாக, கைகளை விரித்து உயர்த்தும் சைகையாக மாற்றிவிடுங்கள். அதுவும் பழைய கிறிஸ்தவச் செபநிலைதான்.

நண்பகல் மணிக்கு மூவேளைச் செபம் சொல்லும் பழக்கம் பள்ளியில் இருந்தால் இந்த 50 நாளும் அதற்குப் பதில் “விண்ணக அரசியே, மனம் களிகூரும்” வரவேண்டும். திருத்தந்தை 14ஆம் பெனடிக்ட் 1742இல் ஏற்படுத்திய வழக்கம் இது. இதையும் நின்றுகொண்டுதான் சொல்ல வேண்டும். நான்கே வரி, ஒவ்வொன்றின் கடைசியிலும் அல்லேலூயா. முதல் வாரம் நீங்கள் வரியைச் சொல்லுங்கள், பிள்ளைகள் அல்லேலூயா மட்டும் சொல்லட்டும். இரண்டாம் வாரத்தில் யாரும் சொல்லிக்கொடுக்காமலே முழுச் செபமும் அவர்கள் வாயில் இருக்கும். தாயிடம் போய், “அம்மா, உங்க பையன் எழுந்துட்டார்!” என்று சொல்லும் செபம் இது என்று ஒரு மூன்றாம் வகுப்புச் சிறுமி எனக்கே விளக்கம் சொன்னாள். அதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

இனி கதைகள். இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

உயிர்ப்புப் பகுதிகளை வரிசையாக வாசித்தால் ஒரு விஷயம் தட்டுப்படும்: பலர் அவரை உடனே அடையாளம் காண்பதில்லை. மகதலா மரியா தோட்டக்காரர் என்று நினைக்கிறார். எம்மாவுக்குப் போன இருவரும் வழிப்போக்கர் என்று நினைக்கிறார்கள். கரையில் நிற்பவர் யாரென்று படகில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. அழுகை, பயம், ஏமாற்றம், சந்தேகம் எல்லாம் அந்தக் காட்சிகளில் இருக்கின்றன. நாமோ பிள்ளைகளைப் பார்த்து “இயேசு உயிர்த்தார், சந்தோஷமா இருங்க, கைதட்டுங்க” என்கிறோம். முதல் சீடர்களுக்கே அந்தச் சந்தோஷம் தட்டுத்தடுமாறித்தான் வந்தது.

இதை எனக்கு உணர்த்தியவன் ஒரு நான்காம் வகுப்புப் பையன். அந்த ஆண்டு புனித வாரத்துக்குச் சற்று முன்னால் அவன் தாத்தா இறந்துபோயிருந்தார். உயிர்ப்பு வாரம் முழுக்க வாய் திறக்காமல் இருந்தவன், வெள்ளிக்கிழமை எல்லாரும் பாடி முடித்ததும், “எங்க தாத்தா மட்டும் ஏன் டீச்சர் எழும்பல?” என்றான். வகுப்பே என்னைப் பார்த்தது. கடைசி நாளில் எல்லாரும் உயிர்ப்போம் என்று மனப்பாடமாக ஒப்பிக்க எனக்குத் தெரியும். அன்றைக்கு வரவில்லை. “தாத்தா பேர் என்ன?” என்று கேட்டேன். சொன்னான். ஒரு தாளில் பெரிதாக எழுதச் சொல்லித் திரியின் அடியில் வைத்தோம். மற்ற பிள்ளைகளும் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயரை எழுதிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி தன் நாய்க்குட்டியின் பெயரையும் வைத்தாள், நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகுதான் அவனிடம் சொன்னேன்: பாஸ்கா திரியை இரண்டு பேருக்காகத் தனியே ஏற்றுவார்கள், திருமுழுக்குப் பெறும் குழந்தைக்கும், அடக்கத் திருப்பலியில் பெட்டிக்குள் இருப்பவருக்கும். “தாத்தா பக்கத்துல அந்தத் திரி நின்னுச்சே, பார்த்தியா?” தலையாட்டினான். அதற்குப் பிறகு பெயர்த் தாள்கள் பெந்தகோஸ்து வரை அங்கேயே இருந்தன. இப்போது ஒவ்வோர் ஆண்டும் முதல் வாரமே பெயர் எழுதவைத்துவிடுகிறேன், யாராவது கேட்கும்வரை காத்திருப்பதில்லை.

மகதலா மரியாவின் கதைக்கு வருகைப்பதிவேடு ஒன்றே போதும். யோவான் 20ஆம் அதிகாரத்தில் இயேசு “மரியா” என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதும்தான் அவருக்குத் தெரிகிறது. அவர் திரும்பி “ரபூனி” என்கிறார், போதகரே என்று பொருள். அந்தப் பகுதியை வாசித்துவிட்டுப் பிள்ளைகளைக் கண்ணை மூடி நிற்கச் சொல்லுங்கள். பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பெயராக, தலைப்பெழுத்து இல்லாமல், பட்டப்பெயர் இல்லாமல், கோபமாகக் கூப்பிடும் தொனி இல்லாமல், மெல்லச் சொல்லுங்கள். கூப்பிடப்பட்ட பிள்ளை கண்ணைத் திறந்து “ரபூனி” என்றோ “ஆண்டவரே” என்றோ சொல்ல வேண்டும். நாற்பது பேருக்கும் நான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அடிக்கடி திட்டு வாங்கும் பிள்ளையின் முகத்தைக் கவனியுங்கள். தன் பெயரை அந்த வகுப்பறையில் அப்படி அமைதியாக யாரும் சொல்லி அவன் கேட்டிருக்கமாட்டான்.

பூட்டிய கதவுகளின் கதையை ஐந்தாம் வகுப்புக்கு மேல் செய்வேன். சன்னல், கதவு எல்லாவற்றையும் சாத்திவிட்டு விளக்கை அணையுங்கள். (இருட்டுக்குப் பயப்படும் பிள்ளை இருந்தால் ஒரு சன்னல் திறந்திருக்கட்டும்.) சீடர்கள் பயந்து பூட்டிக்கொண்டு இருந்ததைச் சொல்லி, தாங்கள் பயப்படும் ஒன்றைச் சிறு தாளில் எழுதி மடிக்கச் சொல்லுங்கள். யாரும் பிரித்துப் படிக்கப்போவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். ஆனால் “என்னிடம் பேச வேண்டும் என்று நினைப்பவர்கள் மடித்த தாளின் வெளியே தங்கள் பெயரை எழுதலாம்” என்ற வழியையும் திறந்து வையுங்கள். பள்ளியில் யாரோ அடிப்பதையும் வீட்டில் நடப்பதையும் சொல்ல நினைக்கும் பிள்ளைக்கு அது தேவைப்படலாம். தாள்கள் திரியடிக்குப் போனதும் கதவைத் திறங்கள். வெளிச்சம் உள்ளே வரும்போது “உங்களுக்கு அமைதி உரித்தாகுக!” என்று சொல்லுங்கள். பிள்ளைகள் ஒருவருக்கொருவர் அதையே சொல்லி வணங்கட்டும். சண்டைபோட்ட இருவர் யார் முதலில் என்று பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவசரப்படுத்தாதீர்கள்.

இதற்கு அடுத்த வாரம் தோமா, காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்ற சீடர். பாஸ்கா காலத்தின் 2ஆம் ஞாயிறு எந்த ஆண்டானாலும் யோவான் 20இன் இந்தப் பகுதிதான் வாசிக்கப்படும். எனவே திங்கள்கிழமை கதை பிள்ளைகளின் நினைவில் புதிதாகவே இருக்கும். ஒரு வேண்டுகோள்: ‘சந்தேகத் தோமா’ என்று சொல்லாதீர்கள். இலாசரிடம் போக இயேசு கிளம்பியபோது, நாமும் போய் அவரோடு இறப்போம் என்று சொன்னவர் அதே தோமாதான், யோவான் 11ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கேள்வி கேட்டார் என்பதற்காக இயேசு அவரை விரட்டவும் இல்லை. வகுப்பில் ஒரு கேள்விப் பெட்டி வையுங்கள். கடவுளிடம் கேட்க விரும்பும் கேள்வியைப் பிள்ளைகள் பெயர் இல்லாமல் எழுதிப்போடட்டும். தினமும் ஒன்றை எடுத்துச் செபமாக வாசியுங்கள், பதில் சொல்ல முயலாதீர்கள். அரை நிமிட அமைதி, பிறகு எல்லாரும் சேர்ந்து, “நீரே என் ஆண்டவர்! நீரே என் கடவுள்!” பதில் தெரிந்த கேள்விகளை மறைக்கல்விப் பாடவேளைக்குத் தள்ளிவையுங்கள். “டைனோசரை ஏன் அழிச்சீங்க?” என்ற கேள்வி ஒவ்வோர் ஆண்டும் வரும், சிரிப்பை அடக்கிக்கொண்டு அதையும் பயபக்தியோடு வாசித்துவிடுங்கள்.

பெரிய வகுப்பில் இன்னும் ஓர் அடி ஆழம் போகலாம். உயிர்த்தவர் உடலில் காயம் அப்படியே இருந்தது. அவர் அதை மறைக்கவில்லை, தொட்டுப்பார் என்றார். இன்று உலகத்தின் உடலில் எங்கெல்லாம் காயம் இருக்கிறது? செய்தித்தாளிலிருந்து ஒவ்வொருவரும் ஒரு செய்தியை எடுத்து, அதிலிருந்து ஒரு மன்றாட்டு எழுத வேண்டும். “ஏழைகளுக்காக மன்றாடுவோம்” என்ற பொத்தாம்பொது வாக்கியம் கூடாது. எந்த ஊர், என்ன நடந்தது, யாருக்கு என்ன வேண்டும் என்று எழுதவையுங்கள்.

எம்மாவு கதை நடக்க வேண்டிய கதை, உட்கார்ந்து கேட்கக் கூடாது. எருசலேமிலிருந்து ஏறத்தாழ 11 கிலோமீட்டர் என்கிறது லூக்கா 24. உங்களுக்கு மைதானத்தை ஒரு சுற்று, இல்லையென்றால் வராந்தாவில் இரண்டு சுற்று போதும். இரண்டிரண்டு பேராக நடக்கட்டும். போகும்போது, இந்த வாரம் நினைத்தபடி நடக்காமல் போன ஒன்றைப் பக்கத்தில் வருபவரிடம் சொல்ல வேண்டும். பாதி வழியில் எல்லாரும் நிற்க, நீங்கள் அந்தப் பகுதியைக் கொஞ்சம் வாசியுங்கள். திரும்பி வரும்போது பேச்சில்லை. வகுப்பு வாசலுக்கு வந்ததும் எல்லாரும் சேர்ந்து “ஆண்டவரே, எங்களோடு தங்கும்” என்று சொல்லிவிட்டு உள்ளே நுழைய வேண்டும். சீடர் இருவரில் ஒருவருக்குத்தான் பெயர் உண்டு, கிளயோப்பா. இன்னொருவர் யாரென்று லூக்கா எழுதவே இல்லை. அந்த இடத்தில் உன் பெயரைப் போட்டுக்கொள் என்று சொல்லிவிடுங்கள். சிலர் இதன் கடைசியில் அப்பத்தைப் பிட்டுப் பகிர்வார்கள். எனக்கு அதில் தயக்கம். பிள்ளைகள் அதைக் குட்டித் திருப்பலி என்று நினைத்துக்கொள்கிறார்கள், அதுவும் முதல் நற்கருணைக்குத் தயாராகும் வகுப்பில் குழப்பம் வரும். அப்பம் பிட்கையில் கண்டுகொண்டார்கள் என்பதை வாசித்துவிட்டு, வரும் ஞாயிறு திருப்பலியில் குரு அப்பத்தைப் பிட்கும் அந்த நொடியைக் கவனித்து வரச்சொல்லுங்கள். திங்கள் காலை, யார் பார்த்தீர்கள் என்று கேளுங்கள்.

யோவான் 21ஆம் அதிகாரத்தில் வரும், கடற்கரையில் நடந்த காலை உணவுக் கதையில்தான் நான் கைவேலையை அனுமதிப்பேன். வலையில் 153 பெரிய மீன்கள். இந்த எண்ணைப் பிள்ளைகள் விடவேமாட்டார்கள். தாளில் 153 மீன் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு நன்றி எழுத வேண்டும். முப்பத்தைந்து பேர் வகுப்பென்றால் ஆளுக்கு நான்கைந்து வரும். முதல் மீனில் அம்மா, அப்பா என்று எளிதாக எழுதிவிடுவார்கள். நான்காவது மீனில்தான் யோசிப்பார்கள், அங்கேதான் செபமும் தொடங்கும். “மழை நின்னதுக்கு”, “கணக்குப் பாடம் நடக்காம போனதுக்கு”, “அப்பா நேத்து கத்தாம இருந்ததுக்கு” என்றெல்லாம் மீன்கள் வரும். சுவரில் வலை மாட்டித் தினமும் சிலவற்றை வாசித்துத் தொங்கவிடுங்கள்.

அதே அதிகாரத்தின் மறுபாதி மன்னிப்புக்கு. பேதுரு மூன்று முறை மறுதலித்ததும் கரிநெருப்பருகே, “என்மீது அன்பு செலுத்துகிறாயா?” என்ற கேள்வியை இயேசு அவரிடம் மூன்று முறை கேட்டதும் கரிநெருப்பருகே. எட்டாம் வகுப்புக்கு மேல் இதைக் கண்டுபிடிக்கவிட்டாலே போதும். இயேசு பழைய கதையைக் கிளறவில்லை, மன்னிப்புக் கேள் என்று நிற்கவைக்கவும் இல்லை. தவறு செய்த மாணவனை நாமும் அப்படி நடத்துகிறோமா என்ற கேள்வி என் பக்கம் திரும்பியதும் இந்த வகுப்பில்தான்.

இந்தக் கதைகளுக்குள் கற்பனையில் நுழைந்து செபிப்பது, இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் காட்டிய வழி. கண்ணை மூடி, கரையில் என்ன சத்தம், என்ன வாசனை, நீ எங்கே நிற்கிறாய், அவர் உன்னைப் பார்த்து என்ன சொல்கிறார் என்று நீங்கள் மெல்லக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். நான்காம் வகுப்பில் ஒன்றரை நிமிடத்தில் தொடங்கினால் ஆறாம் வாரம் நான்கு நிமிடம் தாங்குவார்கள். முடிந்ததும் எல்லாரையும் எழுப்பி “உனக்கு என்ன சொன்னார்?” என்று கேட்காதீர்கள். விருப்பமுள்ளவர் சொல்லட்டும். கட்டாயப்படுத்தினால் அடுத்த முறை பிள்ளை செபிக்காது, சொல்வதற்கு ஒரு பதிலைத் தயார்செய்யும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2ஆம் ஞாயிறு இறை இரக்க ஞாயிறும்கூட. 2000 ஏப்ரல் 30 அன்று சகோதரி பவுஸ்தீனாவைப் புனிதராக அறிவித்தபோது திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இதை அறிவித்தார். இரக்கச் செபமாலையை முழுதாகச் சொல்ல நேரமில்லை என்றால் நாளுக்கு ஒரு பத்து. 4ஆம் ஞாயிறு நல்லாயன் ஞாயிறு. 1964 முதல் இறையழைத்தலுக்காகச் செபிக்கும் உலக நாளும் அதுவே. ஒரு குருவையோ அருட்சகோதரியையோ வரவழைத்தால் அறிவுரை வேண்டாம், “நீங்கள் தனியே இருக்கும்போது எப்படிச் செபிப்பீர்கள்?” என்ற ஒரே கேள்வியைப் பிள்ளைகள் கேட்கட்டும்.

சிலுவைப்பாதையைப்போல ஒன்று வேண்டும் என்றால் ஒளியின் பாதை இருக்கிறது. இயேசுவின் உயிர்ப்பிலிருந்து தூய ஆவியாரின் வருகை வரை 14 நிலைகள். 1988இல் சலேசியக் குரு சபினோ பலும்பியேரி முன்வைத்தது, 2001இல் வத்திக்கான் வெளியிட்ட பக்திமுயற்சிகள் பற்றிய வழிகாட்டியிலும் இடம்பெற்றது. 14ஐயும் ஒரே நாளில் செய்தால் சிறுபிள்ளைகள் களைத்துவிடுவார்கள். வாரத்துக்கு இரண்டு என்று பிரித்தால் ஏழு வாரத்துக்குக் கணக்காக வருகிறது. நான் பிரித்துத்தான் செய்கிறேன்.

50 நாளும் திருப்பலியின் முதல் வாசகம் பழைய ஏற்பாட்டிலிருந்து வராமல் திருத்தூதர் பணிகளிலிருந்து வரும். அதில் 12ஆம் அதிகாரத்தை மேல்வகுப்புப் பிள்ளைகளை நடிக்கவிடுங்கள். சிறையிலிருக்கும் பேதுருவுக்காக எல்லாரும் வீட்டில் உருகி உருகிச் செபிக்கிறார்கள். செபம் கேட்கப்பட்டுப் பேதுருவே வந்து கதவைத் தட்டுகிறார். குரலை அடையாளம் கண்ட பணிப்பெண் சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடுகிறாள். செபித்துக்கொண்டிருந்தவர்களோ அவளைப் பார்த்து, உனக்குப் பைத்தியமா என்கிறார்கள். நம்முடைய செபத்தைப் பற்றி இதைவிட நேர்மையான கதை எனக்குத் தெரியாது. சிரித்து முடித்ததும், “நீ கேட்டது கிடைத்தும் கதவைத் திறக்காமல் விட்டது எது?” என்று ஒரு நிமிடம் அமைதியாக யோசிக்கவிடலாம்.

வகுப்பில் இன்னும் திருமுழுக்குப் பெறாத பிள்ளைகளோ வேறு சமயத்தவரோ இருந்தால் ஒரு விஷயத்தில் கவனம் தேவை. பாஸ்கா காலத்தில் திருமுழுக்கு நினைவு முக்கியம். பிள்ளைகள் தங்கள் திருமுழுக்கு நாளைக் கேட்டு வந்து நாள்காட்டியில் குறிப்பார்கள், தீர்த்தத்தைத் தொட்டுச் சிலுவை அடையாளம் போடுவார்கள். அப்போது இந்தப் பிள்ளைகளை ஓரம்கட்டிவிடாதீர்கள், திரி ஏற்றும் வேலையையோ வாசிக்கும் வேலையையோ கொடுங்கள். அவர்கள் வாயில் நம்பிக்கை அறிக்கையைத் திணிக்கவும் வேண்டாம்.

விண்ணேற்றத்துக்குப் பிறகு வேகம் மாறும். உயிர்ப்பின் 40ஆம் நாளான வியாழன் அது. பல நாடுகளில் அடுத்த ஞாயிறுக்கு மாற்றிக் கொண்டாடுகிறார்கள். அந்த வெள்ளி முதல் பெந்தகோஸ்துக்கு முந்தின நாள் வரை ஒன்பது நாள். அன்னை மரியாவும் சீடர்களும் மேல்மாடியில் ஒரே மனத்தோடு செபித்த நாள்கள் அவை. நவநாள் என்னும் பழக்கத்துக்கே அதுதான் முன்மாதிரி. 1897இல் திருத்தந்தை 13ஆம் லியோ பெந்தகோஸ்துக்கு முன்னான நவநாளைத் திருச்சபை முழுவதற்கும் விதித்தார். வகுப்பில் கிடைப்பது ஆறு பள்ளி நாள்தான். வீட்டில் செய்வதற்கு வார இறுதியை விட்டுவிட்டு, நாளுக்கு ஒரு கொடையாக எடுங்கள்: ஞானம், புத்தி, விமரிசை, திடம், அறிவு, பக்தி, தெய்வபயம். பாட்டிமார் படித்த பழைய ஞானோபதேசச் சொற்கள் இவை. ஏழாவது கடைசி நாளுக்கு வீட்டோடு சேர்ந்துகொள்ளட்டும். ‘விமரிசை’க்கு மட்டும் விளக்கம் தேவைப்படும், நன்மை தீமையைச் சீர்தூக்கி எதைச் செய்வது என்று தெரிந்துகொள்ளும் திறன். ஒவ்வொரு பிள்ளையும் அந்தக் கொடையைத் தனக்காகக் கேட்காமல் வகுப்பில் இன்னொரு பிள்ளைக்காகக் கேட்க வேண்டும். சீட்டுக் குலுக்கிப் பெயர் கொடுத்துவிடுங்கள், யார் யாருக்காகச் செபிக்கிறார் என்பது இரகசியமாகவே இருக்கட்டும். உறுதிப்பூசுதலுக்குத் தயாராகும் வகுப்பு என்றால் இந்த ஒன்பது நாளை விட்டுவிடவே கூடாது.

பெந்தகோஸ்துக்கு மறுநாள் காலை, பிள்ளைகள் வருவதற்கு முன்பே திரி, பெயர்த் தாள்கள், மீன்வலை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பயங்களை எழுதிய தாள்களைப் பிரிக்காமல் எரித்துவிடுங்கள். மேசை வெறுமையாக இருக்கட்டும். செபத்துக்கு எழுந்து நிற்கும்போது யாராவது ஒருவர், “திரி எங்க டீச்சர்?” என்று கேட்பார். அன்று பத்து நிமிடத்தையும் அதற்கே கொடுத்து எல்லாரையும் கோவிலுக்குக் கூட்டிப்போங்கள். பீடத்தருகே நின்ற பாஸ்கா திரி அங்கே இருக்காது. அது எங்கே போயிருக்கிறது என்று அவர்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும், திருமுழுக்குத் தொட்டிப் பக்கம் நீங்கள் பார்க்காமல் இருங்கள்.